பதினான்காம் பொந்து

மூன்று வாரமாக மழை.
சாக்ரஸ் ஆறு கண்ணில் படவில்லை,
காதில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.
முதுகில் பன்னிரண்டு கிலோ மருந்து,
இடுப்பில் ஒரு சூப்புக் கரண்டி,
பிளாஸ்டிக் உறைக்குள் படிவம்:
நீர் நின்ற இடம். அளவு. எத்தனை புழு. செய்தது என்ன.

டயர், தகர டப்பா, கோழிக்கு வைத்த சட்டி,
தேவாலய வாசலில் தூக்கிப் போட்ட கழிப்பறைப் பீங்கான்,
ஊருக்குள் எல்லாம் முடிந்தது.
இனி மரங்கள் என்றார்கள் அலுவலகத்தில்.
மரத்துக்கும் வாய் உண்டாம்,
வாயில் தண்ணீர், தண்ணீரில் காய்ச்சல்.
நான் மறுக்கவில்லை.
போன வருடம் என் மகள் யாமிலெத்
ஒன்பது நாள் எலும்பு எலும்பாக நொந்தாள்.
பத்தாம் நாள் அவள் கேட்ட முதல் கஞ்சியை
என் கையால் ஊட்டியிருக்கிறேன்.

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.
ஒரு பிடி. ஒரு பிடி. ஒரு பிடி.
உலையில் உப்பு விழும் ஓசைதான் மருந்துக்கும்.

பதினான்காவது,
விழுந்து கிடந்த அல்மெந்த்ரோ மரத்தின் விலாவில்.
இரண்டு வாளி கொள்ளும்.
கடுங்காப்பி நிறத் தண்ணீர்.
மரம் சாய்ந்ததில் காட்டுக்கூரை கிழிந்து
அந்தப் பொந்தின் மேல் மட்டும்
ஒரு துண்டு வெயில்.

வெயிலில் ஏதோ சுழன்றது.

முதலில் உடல் தெரியவில்லை.
நான்கு நீலப் பட்டைகள்
ஒன்றையொன்று தொடாமல்
ஏறின, இறங்கின,
மின்சாரம் போன பிறகும்
கொஞ்ச நேரம் சுற்றும் விசிறி மாதிரி.
அப்புறம்தான் பட்டையைத் தாங்கிய
கண்ணாடிச் சிறகு. சாணளவு.
அப்புறம் வயிறு, குச்சியாய், நீண்டு.
ஊசித்தட்டான்தான்.
ஆனால் இது கோணியூசி.

என் நெற்றிக்கு நேரே வந்து நின்றது.
சிறகிலிருந்த வெள்ளைத் தழும்பைக் காட்டியது.
சொல்ல வெட்கம்தான்,
ஓர் அடி பின்வாங்கினேன்.
அது விலகி,
சிலந்தி வலை ஒன்றின் நடுவைத் தொட்டு
சிலந்தியை மட்டும் எடுத்துக்கொண்டது.
வலையில் ஒரு நூல் அறவில்லை.

கரண்டியை விட்டு எண்ணினேன்.
ஒன்று. இரண்டு.
இத்தனை நாள் தேங்கிய நீரில்
இரண்டே கொசுப்புழுவா?
அடியிலிருந்த சருகு அசைந்தது.
சருகுக்குக் கண் இருந்தது.
வால் நுனியில் மூன்று வெளிறிய இலை.
முகத்தடியில் மடித்து வைத்திருந்த கை
வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை,
இரண்டு ஒன்றானதைப் பார்த்தேன்.
பிறகு அந்த ஒன்றும் இல்லை.

இரண்டாம் கரண்டியில்
அதே மாதிரி ஒரு தலை வந்தது, தலை மட்டும்.
கூடப் பிறந்ததாய் இருக்கும்.
புண்ணியவான் யாரும் இந்தப் பொந்தில் இல்லை.

வானொலி கரகரத்தது. அடுத்த ஓடையிலிருந்து நிடியா:
"எலாடியோ, பதினாலு ஆச்சா?"

என் கை மருந்துப் பைக்குள் இருந்தது.
ஈர விரல்களில் குருணை ஒட்டியிருந்தது.
பதின்மூன்றின் மேலும்
இப்படி வெயில் விழுந்ததா?
பன்னிரண்டில் காதோரம் ஏதோ உரசியது,
இலை என்று தட்டிவிட்டேன்.

'உலர்ந்தது' என்று எழுதினேன்.
அந்த எழுத்தின் மேலேயே
சொட்டியது மழை.
அடித்துவிட்டு எழுதினேன்:
'ஏற்கெனவே ஆள் இருக்கிறது.'
நிடியா திட்டுவாள். மேலே இருப்பவர்
நிடியாவைத் திட்டுவார்.

விரல்களை அந்த நீரில் கழுவாமல்
கால்சட்டையில் துடைத்தேன்.
வந்த வழியேதான் திரும்ப வேண்டும்.
பதின்மூன்றாம் பொந்தருகே நின்றேன்.
கரண்டியை உருவினேன்.
தண்ணீர் என் முகத்தைக் காட்டியது, தொப்பியோடு.
கரண்டியை
மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டேன்.